பதில் வந்தால் தொடு

ஒருவனுடைய மண்டையை என் கணவன் ஐஸ் பெட்டி மூடியில் மோதி உடைத்தான். என்னைத் தொட்டதற்காக.

அடி வாங்கியவன் எங்கள் கறிக்கடைக்குச் சரக்கு இறக்குகிற வண்டிக்காரன். கெட்டவன் இல்லை. தோளில் ஆட்டுத் தொடையைச் சுமந்துகொண்டு வந்தவன், வழி விடச் சொல்வதற்காக என் முதுகில் இரண்டு விரலால் தட்டினான், அவ்வளவுதான். நான் அப்போது வெட்டுமேசையில் எலும்பு பிரித்துக்கொண்டிருந்தேன். தூக்கிவாரிப் போட்டது. கத்தி என் கட்டைவிரலை உரசிக்கொண்டு போய் மேசையில் குத்தி நின்றது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் வண்டிக்காரனின் தலைமுடி என் கணவன் கையில் இருந்தது.

"அவ கையில கத்தி இருக்கு. குரல் கொடுக்காம தொடுவியாடா?"

ஒருமுறை மோதினான். பதில் வராததால் இன்னொரு முறை. பதில் சொல்ல அவன் வாய் எங்கே சும்மா இருந்தது, பல் உதட்டில் இறங்கியிருந்தது. கறி வாங்க வந்தவர்கள் சேர்ந்து பிடித்து இழுக்காவிட்டால் அன்றைக்கு ஐஸ் பெட்டியில் ஆட்டோடு அவனும் படுத்திருப்பான்.

எங்கள் கடையில் சட்டம் என்று ஒன்றே ஒன்றுதான். மேசையில் கத்தியோடு நிற்கிறவரைப் பின்னாலிருந்து தொடக் கூடாது. பக்கத்தில் போக வேண்டுமென்றால்கூட "பின்னாடி" என்று குரல் கொடுக்க வேண்டும். வெட்டுகிறவர் கத்தியை நிறுத்திவிட்டு "வா" என்பார், இல்லையென்றால் "இரு" என்பார். இரு என்றால் நிற்க வேண்டும். பதிலே வராவிட்டாலும் நிற்க வேண்டும். என் மாமனார் காலத்தில் கறி வெட்டிக்கொண்டிருந்த ஒருவரை யாரோ விளையாட்டாக விலாவில் கிள்ளப்போய், அவருடைய விரல்கள் மேசையிலேயே நின்றுவிட்டனவாம். அன்றிலிருந்து இது. பதில் வந்தால் தொடு. என் கணவனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் இருக்கும், ஆனால் கடைக்குள் இந்தச் சட்டத்தை அவன் மீறி நான் பார்த்ததில்லை.

வண்டிக்காரனைத் துணி சுற்றி அனுப்பிய பிறகு, வாடிக்கையாக வருகிற ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் வீட்டுக்காரருக்கு உன் மேல உசுரும்மா. எல்லாருக்கும் இப்படி வாய்ச்சிடாது."

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு அவளுக்கு நல்ல பாகமாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தேன்.

அன்று மத்தியானம், வண்டிக்காரனின் முடியைப் பிடித்த அதே கை என் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துத் தலைக்கு மேலே அழுத்திக்கொண்டிருந்தது. நான் "இருங்க" என்றேன். திரும்பவும் சொன்னேன். அது கடை இல்லை.

எங்கள் பிழைப்பில் நாள் விடியுமுன் தொடங்கி, வெயில் உச்சிக்கு ஏறும்போது முடிந்துவிடும். கடையைக் கழுவிவிட்டு, வெந்நீரில் குளித்து, சாப்பிட்டுப் படுப்பதுதான் எங்களுக்கு ராத்திரி. கடைக்குப் பின்னால் எங்கள் அறை. மேலே மாடியில் என் நாத்தனார், அவனுடைய அக்கா. புருஷன் செத்த பிறகு தம்பியோடு வந்துவிட்டவள். கடையில் எடை போடுவது அவள்தான். ஒரு நூல்கூடக் கூடவோ குறையவோ விடமாட்டாள் என்பதால் தெருவே அவளைத் தராசு என்றுதான் கூப்பிடும். மத்தியானம் கீழே சத்தம் ஆரம்பித்தால் மாடியில் ரேடியோ பெரிதாகும். அதிலும் அவள் அளவு தவறியதில்லை. சத்தம் எவ்வளவோ அவ்வளவு ரேடியோ.

கல்யாணமான புதிதில் இப்படி இல்லை. நானும் சாதாரணப்பட்டவள் இல்லை. மத்தியானம் எப்போது வரும் என்று காத்திருந்தவள். கடையில் அவன் "பின்னாடி" என்று சொல்லிக்கொண்டு தேவையே இல்லாமல் என் பின்னால் வருவான், நான் "இரு இரு" என்று நிறுத்திவைத்து வேடிக்கை பார்ப்பேன், தராசு தலையில் அடித்துக்கொள்வாள். அந்த ஆளும் இவன்தான். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

பிறகு முடக்குவாதம் வந்தது. காலையில் விரல்கள் வீங்கி, யாருடைய விரல்களோ என் கையில் ஒட்டவைத்ததுபோல இருக்கும். முழங்கால் மடங்காது. இடுப்பு திரும்பாது. அவன் பார்த்துப் பார்த்துச் செய்தான், இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். தலை வாரிவிட்டான். ஜாக்கெட் கொக்கி மாட்டிவிட்டான். மெல்லிய பிடியை என்னால் இறுக்கிப் பிடிக்க முடியவில்லை என்று, என் கத்தியின் பிடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிப் பருமனாக்கிக் கொடுத்தான். அதைப் பிடித்துக்கொண்டு நான் பழையபடி எலும்பு பிரித்தேன். அன்றைக்கு மேசைக்குப் பின்னால் நின்று அழுதேன்.

டாக்டர் நல்ல கெட்டிக்காரர். மூட்டு மூட்டாக அழுத்திப் பார்ப்பார். கண் காய்கிறதா என்பார், வாய் காய்கிறதா என்பார், இந்த நோயில் சிலருக்கு உடம்பில் ஈரம் இருக்கிற இடமெல்லாம் காயும் என்பார். கண்ணுக்குச் சொட்டு மருந்து எழுதுவார். வேறு எந்த இடம் காயும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கட்டில் விஷயத்தின் பக்கம் அவர் பேச்சு வந்தது ஒரே ஒரு தடவைதான். "இந்த மாத்திரை சாப்பிடற வரைக்கும் குழந்தை உண்டாகக் கூடாது, பாத்துக்கங்க" என்றார். அதையும் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சீட்டைப் பார்த்துச் சொன்னார்.

ஆக, எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. முதலில் வலித்தபோது பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு கடிக்கப் பல் போதவில்லை. தள்ளிப் படுத்தேன். அவன் கெஞ்சினான். அப்புறம் முறைத்தான். "காஞ்சு போயிட்டடி நீ. மரக்கட்டை" என்றான். அதை நானும் நம்பினேன், அதுதான் அக்கிரமம். என் மனசுதான் வற்றிவிட்டது என்று நினைத்தேன். ஒருநாள் வேண்டாம் என்றபோது கன்னத்தில் அறைந்தான். அறைந்த கையைப் பார்த்து அவனே பயந்துபோனான். அடுத்த தடவை அவ்வளவு பயப்படவில்லை. அதற்கப்புறம் பயமே இல்லை.

"பகலெல்லாம் நான் உனக்குக் கையா இருக்கேன், காலா இருக்கேன். எனக்கு நீ என்னவா இருக்கே?" என்று கேட்டுக்கொண்டே அடிப்பான். நியாயமான கேள்விபோலவே இருக்கும். கேள்வி முடியும்போது என் காது அடைத்திருக்கும்.

அறைக் கதவுக்கு இரும்புத் தாழ்ப்பாள். துரு ஏறியது. அதைத் தள்ளிப் போட நல்ல கட்டைவிரல் ஒன்று வேண்டும். முயற்சி செய்து பார்த்திருக்கிறேன். முழு ஆட்டை நான்கு பாகமாகப் பிரிக்கத் தெரிந்தவளால் ஒரு தாழ்ப்பாளை நகர்த்த முடியவில்லை.

தராசிடம் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"அண்ணி, மத்தியானம் ரேடியோவைக் கொஞ்சம் சின்னதா வைங்க."

"எதுக்கு?"

"கீழ என்ன நடக்குதுன்னு உங்களுக்குக் கேக்கட்டும்."

அவள் எடைக்கல்லைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "கேக்காமயா இருக்கு? நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தவதான். கண்ணை மூடிக்கிட்டா கொஞ்ச நேரத்துல ஆயிடும்."

"எனக்கு ஆக மாட்டேங்குதே."

எடைக்கல்லைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்றைக்கும் ரேடியோ பாடியது.

இடுப்புக்குப் பயிற்சி செய்ய டாக்டர் என்னை பிசியோ அம்மாவிடம் அனுப்பினார். நடுத்தர வயது, பேச்சில் பூச்சு கிடையாது. மேசையில் படுக்கவைத்து என் காலை மெதுவாக விரித்துப் பார்த்தாள். நான் கத்தினேன். பிறகு என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். விரல் பதிந்த நீலம் வளையல்போல இருந்தது. என் கணவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"வீட்டுக்காரரோட சேர்ந்திருக்கறப்ப வலிக்குதா?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "நான் மூட்டைக் காட்ட வந்தவ. நீங்க எதுக்குக் கட்டிலைப் பாக்கறீங்க?"

"இந்த மூட்டு விரிய மாட்டேங்குது. அது எங்கெல்லாம் விரியணுமோ அங்கெல்லாம் வலிக்கும். அதான் கேக்கறேன். கேக்காத கேள்விக்கு யாரும் பதில் சொல்றதில்ல."

சொன்னேன். வலியைச் சொன்னேன், அடியைச் சொல்லவில்லை. நீல வளையலை அவள் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"கண்ணு காயுது, வாய் காயுதுல்ல? கீழயும் காயும். அது உங்க மனசு காஞ்சதால இல்ல. இந்த நோய் செய்யற வேலை. அதுக்கு ஜெல் இருக்கு. வெந்நீர்ல குளிச்சு உடம்பு இளகினப்புறம், வலி மாத்திரை வேலை செய்யற நேரமாப் பாத்து, முழங்காலுக்கு நடுவுல தலையணை வெச்சு ஒருக்களிச்சுப் படுத்தா இடுப்பு தாங்கும்."

நான் குலுங்கி அழுதேன். எத்தனை வருடமாக மரக்கட்டை என்ற பெயரைச் சுமந்தேன் நான். அதை ஒருத்தி ஒரே மூச்சில் கழற்றி வைத்துவிட்டாள்.

"அவரை உள்ள கூப்பிட்டுச் சொல்லட்டுமா? நீங்க சரின்னாத்தான்" என்றாள். சொல்லிவிட்டு நான் பதில் சொல்கிறவரை காத்திருந்தாள். எனக்கு அது விசித்திரமாக இருந்தது.

அவன் வந்தான். காது சிவந்துபோய் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டான். தொடை எலும்பின் உருண்டை கிண்ணத்தில் சரியாக உருளவில்லை என்று அவள் சொன்னதும் அவனுக்குச் சட்டென்று பிடிபட்டது. தினமும் ஆட்டில் பார்க்கிற மூட்டுதானே. எந்தப் பக்கம் திருப்பினால் வலிக்காது, எந்தக் கோணத்தில் கால் இருக்க வேண்டும் என்று அவனே கேட்டான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கங்கெட்டவள்.

"எல்லாத்தையும் விட முக்கியம், அவங்க இன்னிக்கு வேண்டாம்னா வேண்டாம்தான்" என்று பிசியோ அம்மா முடித்தாள். அந்த நேரத்தில் அவன் ஜெல் ட்யூபின் மூடியைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நல்ல மத்தியானம் ஒன்று எங்களுக்கு வந்தது. மறைக்க மாட்டேன். அவனே வெந்நீர் போட்டான், புதுத் தலையணை வாங்கிவந்தான், அவசரப்படவில்லை. "வலிக்குதா, வலிக்குதா" என்று கேட்டுக் கேட்டு என்னைச் சிரிக்கவைத்தான். செத்துப்போனது என்று நான் எழுதிவைத்திருந்த ஒன்று எழுந்து உட்கார்ந்தது. என் உடம்பு எனக்கே திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன். மாடியில் ரேடியோ சின்னதாக, யாருக்காகவும் இல்லாமல் பாடிக்கொண்டிருந்தது.

ஆனால் அவன் கற்றுக்கொண்டது வேறு. அவன் தொழிலில், மூட்டு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டால் கத்தி தானாகப் போகும். வழி தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது. மேசைமேல் கிடக்கிற தொடை யாரிடமும் "இரு" என்று சொன்னதில்லை. பிசியோ அம்மா சொன்னது அத்தனையையும் அவன் அப்படித்தான் பாடமாக எடுத்துக்கொண்டான். எப்படி என்று தெரிந்துவிட்டது, இனிமேல் கேட்க என்ன இருக்கிறது.

நோய் மறுபடி சீறிக் கிளம்பிய நாள் ஒன்று வந்தது. விடியும்போதே விரல் முதல் தாடை வரை நெருப்பு. கடையில் அன்று முழுக்க உட்கார்ந்தே இருந்தேன். மத்தியானம் அறைக்குப் போனால் அண்டாவில் வெந்நீர் ஆவி பறக்கிறது, கட்டிலில் தலையணை போட்டிருக்கிறது, பக்கத்தில் ட்யூப்.

"இன்னிக்கு முடியாதுங்க."

"வெந்நீர் போட்டாச்சு. தலையணை வெச்சாச்சு. மருந்து வாங்கியாச்சு. இன்னும் என்னடி குறை?"

"என்னைக் கேக்கலையே."

"அதான் அந்த பிசியோ அம்மாவே சொல்லிட்டாளே. இனிமே உனக்குச் சாக்கு கிடையாது."

நான் கதவுப் பக்கம் திரும்பினேன். பின்னாலிருந்து கூந்தலைப் பிடித்து இழுத்தான். முழங்கால் மடங்காதவள் எப்படி விழுவாள், கட்டைபோலத்தான் விழுந்தேன். கட்டிலின் சட்டத்தில் நெற்றி பட்டது. "இருங்க, இருங்க" என்று கத்தினேன். வாயைப் பொத்தினான். அந்தக் கையைக் கடித்தேன். என் இடது மணிக்கட்டைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கினான். கோழி இறக்கையைத் திருகிப் பிரிக்கும்போது ஒரு சத்தம் வரும். ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன், என் உடம்புக்குள்ளிருந்து கேட்டது அப்போதுதான். அவனும் அந்தச் சத்தத்தைக் கேட்டான். தொழில்காரன், கேட்காமல் இருக்க மாட்டான். ஆனாலும் நிறுத்தவில்லை. அவன் தயார் செய்துவைத்த தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு நான் ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏதோ விளம்பரம்.

எழுந்தபோது என் இடது கையில் கடைசி இரண்டு விரலும் தொங்கிக்கொண்டிருந்தன. தூக்கு என்றால் தூக்கவில்லை.

"பாத்ரூம்ல வழுக்கிட்டா" என்று அவன் ஆஸ்பத்திரியில் சொன்னான். விரலைத் தூக்குகிற நாண் அறுந்துவிட்டது, ஏற்கெனவே நோய் அரித்து வைத்திருந்தது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். கட்டை வைத்துக் கட்டினார்கள். பிசியோ அம்மா வந்து என் நெற்றியைப் பார்த்தாள், அவனை வெளியே போகச் சொன்னாள்.

"நான் சொல்லிக் கொடுத்ததை வெச்சே இப்படிப் பண்ணானா?"

நான் தலையாட்டினேன். அவளுடைய முகம் கல்லாகிவிட்டது.

"புகார் கொடுக்கணும்னா நான் கூட வர்றேன். அதுவரைக்கும் வீட்ல உங்க பக்கம் யாரு இருக்காங்க?"

யோசித்துப் பார்த்தேன். யாருமில்லை என்றேன்.

மறுநாள் விடியற்காலையில் நான் கடைக்குப் போனேன். அவன் வேண்டாம் என்றான். அந்த அறையில் அந்தக் கட்டிலோடு தனியாக இருப்பதற்குக் கடை மேல். இடது கையால் இறைச்சியைப் பிடிக்க முடியாது, அதனால் தொடையைக் கொக்கியில் தொங்கவிட்டு வலது கையால் மேலிருந்து கீழாகப் பிரித்தேன். டியூப் சுற்றிய பிடி கைக்கு அடக்கமாக இருந்தது. வண்டிக்காரன் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தான், உதட்டில் தழும்போடு. கடை நிறையக் கூட்டம். தராசு எடை போட்டுக்கொண்டிருந்தாள். என் கைக்கட்டைப் பார்ப்பதும் தராசு முள்ளைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

"பின்னாடி."

என் கணவன். கையில் கறித்தட்டு. ஐஸ் பெட்டிக்குப் போக என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நான் பதில் சொல்லவில்லை. வேண்டுமென்று இல்லை. அந்தக் குரலைக் கேட்டதும் உடம்பெல்லாம் உறைந்துவிட்டது. கத்தி பாதித் தொடையில் நின்றது.

"பின்னாடி" என்றான் மறுபடியும்.

அப்போதுதான் கவனித்தேன். அவன் நிற்கிறான். தட்டின் கனம் கையை இழுக்க, ரத்தத் தண்ணீர் முழங்கை வழியே ஒழுக, பொறுமையாக நிற்கிறான். இன்னும் நின்றேன். அவனும் நின்றான். ஆக, இவனுக்கு நிற்கத் தெரியும். இத்தனை மத்தியானமும் நிற்க முடியாதவன் இல்லை இவன். என் அடிவயிற்றிலிருந்து ஒரு கோபம் புறப்பட்டது, அதற்குப் பெயர் இல்லை.

"இங்க எவ்வளவு நல்லா நிக்கிறீங்க" என்றேன், திரும்பாமல்.

"என்ன?"

"நேத்தும் இருங்கன்னுதான் சொன்னேன். வாயைப் பொத்துனீங்க. இன்னிக்குப் பதிலே சொல்லல, நிக்கிறீங்க. என் கையில கத்தி இருக்கு, அதனால நிக்கிறீங்க."

அவனுக்கு உசுரு என்று அன்றைக்குச் சொன்ன அம்மா பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"உள்ள போ" என்றான், பல்லுக்குள்.

"மாட்டேன்."

"எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்காத. உள்ள போடி."

"இருங்க" என்றேன். கடையே கேட்கும்படி சொன்னேன். "அங்கேயே இருங்க."

தட்டு தரையில் விழுந்தது. பின்னாலிருந்து என் இடது கையைப் பிடித்தான், கட்டுப் போட்ட அதே மணிக்கட்டை, பிடித்து உள்ளே இழுத்தான். வலி உச்சந்தலையில் வெடித்தது. நான் திரும்பினேன், என்னோடு கத்தியும் திரும்பியது. கை பதறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். பதறவில்லை. என் கை அவ்வளவு நிதானமாக இருந்து நெடுநாளாகிறது. கத்தி அவனுடைய கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நுழைந்து உள்ளங்கையைக் கிழித்தது. அவன் பிடியை விட்டான். பார்த்தான். அப்புறம்தான் கத்தினான்.

ரத்தம் கொக்கியில் தொங்கிய தொடைமேலெல்லாம் அடித்தது. இரண்டு பேர் என்னைப் பிடிக்க வந்தார்கள், நான் கத்தியை நீட்டியதும் நின்றுகொண்டார்கள். அவன் ஐஸ் பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, பாருக்கா, வெட்டிட்டா. போலீசைக் கூப்பிடுக்கா."

தராசு தன் இடத்திலிருந்து இறங்கி வந்தாள். நான் நினைத்தேன், முடிந்தது, இவள் என் முடியைப் பிடிக்கப் போகிறாள் என்று. கத்தியை இறக்கினேன். அவள்மேல் அதைத் தூக்க எனக்கு மனமில்லை. அவள் என்னைத் தாண்டிப் போய்த் தம்பிமுன் நின்றாள்.

"குரல் கொடுத்தியா?"

"கொடுத்தேன்கா."

"பதில் வந்துச்சா?"

"ரத்தம் போகுதுக்கா..."

"பதில் வந்துச்சான்னு கேட்டேன்."

அவன் வெட்டுப்பட்ட கையை மடியில் அழுத்திக்கொண்டான்.

"இருங்கன்னு சொன்னா. எனக்குக் கேட்டுச்சு" என்றாள் தராசு. குரல் உடைந்தது. "நேத்தும் கேட்டுச்சு. ரேடியோவைத் தாண்டிக் கேட்டுச்சு. போலீசைக் கூப்பிடு. வந்தா நான் சொல்றேன், நேத்து என்ன கேட்டுச்சுன்னு."

யாரும் போலீசைக் கூப்பிடவில்லை. வண்டிக்காரன்தான் முன்னால் வந்தான். தோளில் கிடந்த துணியை எடுத்து அவன் கையில் இறுக்கிக் கட்டி, தன் வண்டியிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

தராசு கடையைப் பாதியில் மூடினாள். கடையை அப்படி மூடியதாக எனக்கு நினைவில்லை. என் கையிலிருந்து கத்தியை வாங்குவதற்கு முன்னால் "தா" என்று சொல்லிவிட்டு, நான் நீட்டுகிறவரை நின்றாள். என்னை மாடிக்கு அழைத்துப் போனாள். கட்டைச் சரிசெய்து, முகத்தைக் கழுவிவிட்டு, தன் பாயில் படுக்கவைத்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினாள். ஒரே தள்ளு, போய் விழுந்தது. எவ்வளவு சுலபம். அலமாரிமேல் ரேடியோ வாயை மூடிக்கொண்டு இருந்தது.

"நாளைக்குக் காலையில அந்த பிசியோ அம்மாகிட்ட போவோம். புகார் எழுதணும்ல. நீ சொல்லு, நான் எழுதறேன்" என்றாள்.

"எழுத என் வலது கை நல்லாத்தான் இருக்கு அண்ணி."

"அதான் பாத்தேனே" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, வந்த இடத்திலேயே நின்றும் போனது.

மத்தியானம் ஏறிக்கொண்டிருந்தது. என் உடம்புக்கு அந்த நேரம் தெரியும். படிக்கட்டில் கால் சத்தம் கேட்டது. தையல் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். கதவில் கை வைத்து ஒருமுறை தள்ளிப் பார்த்தான். தாழ்ப்பாள் குலுங்கியது. தராசு எழுந்து கதவுக்குப் பின்னால் போய் நின்றாள், கையில் எடைக்கல். அவன் திருந்திவிட்டான் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். கையில் தையல் இருக்கிறவரை எந்த ஆம்பளையும் நல்லவன்தான்.

அப்புறம் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, அடித்தொண்டையில், ஒரு வார்த்தை வந்தது.

"பின்னாடி."

தராசு திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்குப் பதில் தெரியாது. அவனுக்கும் தெரியாது. அது என்னிடம்தான் இருந்தது.

"இருங்க" என்றேன்.

கால் சத்தம் உள்ளேயும் வரவில்லை, கீழேயும் இறங்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றான் என்று எனக்குத் தெரியாது. நான் தூங்கிவிட்டேன்.